ஏரியைக் குடிப்பவர் இருவர்

குழாயில் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அந்தத் தெருவில் பாதிப்பேர் மோட்டாரைக் கைகாட்டுவார்கள். அதனால்தான் நகராட்சி ஓர் ஓவியக்காரியை அனுப்பியிருந்தது. மேட்டிலிருந்து ஏரிக்கரை வரை மழைநீர் ஓடுகிற வழியெல்லாம் அவள் நீலக்கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். போகிற தண்ணீர்தான் குழாயில் திரும்பி வருகிறது என்று வீடுவீடாகச் சொன்னாள். வாசல்படிகளில் ‘ஏரியைக் குடிப்பவர் நால்வர்’, ‘ஏரியைக் குடிப்பவர் ஐவர்’ என்று ஆள்கணக்கை எழுதினாள். மாடிவீட்டில் ‘எழுவர்’ என்று எழுதப்போக, நாலு பேர் என்று சொல்லி வாடகைக்கு வந்தவர்களின் குட்டு உடைந்து, வீட்டுக்காரர் ஊரையே இரண்டாக்கினார்.

தையல்காரி இதற்கெல்லாம் சிரிக்கவில்லை. மாமியார் போனதிலிருந்து அவளுக்குச் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை வருஷக்கணக்கில் புரட்டி, துடைத்து, ஊட்டி, இடையில் கிடைத்த நேரத்தில் மெஷினை மிதித்தவள். இப்போது நேரம் கிடந்தது, மெஷினும் கிடந்தது. அழுதே தீருவது என்று ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துகூடப் பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

புருஷன் லாரி டிரைவர். அந்த வருஷங்களையெல்லாம் ரோட்டிலேயே கழித்தவன். இப்போது வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. அவளுக்குத் தன்மேல் கோபம் என்று அவனாகவே முடிவுகட்டி, வேறு ஊரில் தங்கி ஓட்டுகிற வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வா, போ என்று பேசிப் பழகியவர்கள். அன்று காலை பையில் துணியைத் திணித்துக்கொண்டே கேட்டான்.

“வாயத் தொறந்து ‘இரு’ன்னு ஒரு வார்த்த சொல்லு. போகல.”

சொல்லத்தான் நினைத்தாள். இவனும் போய்விட்டால் அவளை ஏன் என்று கேட்க நாதியில்லை. அது நன்றாகவே தெரிந்தது. தெரிந்தது தொண்டைக்கு வந்து சேரவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஓவியக்காரியின் குரல்.

“அக்கா, வீட்டுல எத்தன பேரு?”

“ரெண்டு பேரு.” அது மட்டும் யோசிக்காமல் வந்தது.

ஓவியக்காரி எப்போதும் ஆள்கணக்கைத்தான் முதலில், பெரிய எழுத்தில் எழுதுவாள். ‘இரு’ வரைக்கும் எழுதியதும் டப்பாவில் பெயின்ட் தீர்ந்துவிட்டது. வேறு எடுத்துவரத் தெருமுனைக்குப் போனாள்.

பையோடு வெளியே வந்தவன் படியில் காலை வைக்கப்போய் நின்றான். ஈரம் காயாத நீலத்தில் ‘இரு’. பையை மெல்லக் கீழே வைத்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

“வாயால சொல்ல வரலன்னு எழுதச் சொன்னியா?”

தலையை ஆட்டியிருந்தாலே போதும்.

“இல்ல. ரெண்டு பேருன்னு சொன்னேன். ‘இருவர்’னு எழுதிட்டிருக்காங்க.”

“சரி, அதுவும் அதேதான?” என்று சிரித்தான். “நீயும் நானும்.”

ரெண்டு பேரு என்று சொன்னபோது மனசில் யார் இருந்தார்கள் என்று அவள் தேடிப் பார்த்தாள். எந்தப் பெண்டாட்டியும் இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பாள். பொய் சொல்கிற அளவுக்குக்கூட அவளுக்குள் எதுவும் அசையவில்லை.

“அத்தையும் நானும்,” என்றாள்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. பையை எடுத்தான். எழுத்தை மிதிக்காமல் தாண்டித் தெருவில் இறங்கினான். சரிவில் போகிற அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடுகிற தூரம்தான். கூப்பிடவில்லை.

ஓவியக்காரி புது டப்பாவோடு வந்தாள். “இருவர்தானக்கா? முடிச்சிடட்டா?”

“ஒருத்தர்.”

ஓவியக்காரி அவளைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பெயின்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்தாள்.

“பரவால்லக்கா. ஒரு எழுத்துதான். ‘இ’ய அழிச்சிட்டு ‘ஒ’ போட்டுடலாம்.”

துணி படியில் தேய்கிற சத்தம் கேட்டது. தையல்காரி திடுக்கிட்டுக் குனிந்தாள். அழிக்காதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

‘இ’ அழிந்திருந்தது.