புரட்டாசிக்குப் பிறகு யார் வருவார்கள்

சிங்கப்பூர் தேக்காவின் பின்சந்தில் இருந்த பப் என்ற மதுக்கூடத்தைத் தொடங்கியவள் சயந்தினி. அவள் இறந்தபின் கணவன் யதீசன் பார்த்துக்கொண்டான். திறந்தான், மூடினான் என்று சொல்வதே சரி.

கட்டடக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஐப்பசிக் கடைசிவரை தவணை.

புரட்டாசி பிறந்ததும் பீர் வியாபாரம் படுத்துவிட்டது. சும்மா கிடப்பானேன் என்று சமையல் பார்க்கும் லீலா வாழையிலைச் சைவச் சாப்பாடு போட்டார். சனிக்கிழமைகளில் பெருமாள் கோயிலிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பப்பைச் சாப்பாட்டுக் கடையாக்கிக் கையெழுத்திட்டுவிடலாம் என்று யதீசன் எண்ணினான்.

தீபாவளிக் கூட்டமும் கலைந்தது. அடுத்த சனிக்கிழமை ஓர் இலைகூட விழவில்லை.

“சாம்பார்ல புளி கூடிப்போச்சா தம்பி?” என்றார் லீலா.

யதீசன் புரட்டாசிச் சனிதோறும் சாப்பிட வந்த சிதம்பரத்துக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

“உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல கியூ நிக்கிறேன் தம்பி. மலேசியாவுக்கு, ஜொகூர் போறோம். அங்க பீரும் சீப்பு, கோழியும் சீப்பு. புரட்டாசில ரெண்டுமே கிடையாது, அதான் ஒங்க கடைக்கு வந்தோம். சாம்பார்ல ஒரு குறையும் இல்ல லா!”

அப்படியானால் ஜொகூர் போகாதவர்கள் யார்? பல மாதங்களுக்குப் பிறகு யதீசனுக்கு ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மறுநாள் ஞாயிறு. வாசலில் நின்று பார்த்தான். விடுதிகளிலிருந்து வந்த தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் சந்து நிறைய நடந்தார்கள். நினைத்தபோது எல்லை தாண்ட முடியாதவர்கள். அவன் கடையைக் கடந்துபோய் முனைக்கடையில் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள். இருவரை நிறுத்தினான்.

“இங்க ஏன் வர்றதில்ல?”

“உள்ள ஒக்காந்தா பீர் வாங்கணும்ல சார்?” என்றார் ஒருவர்.

“வேணாம். சோறு மட்டும் சாப்பிடலாம்.”

மற்றவர் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார். “அந்த ஒசந்த ஸ்டூல்லயா? கால் தொங்குனா சோறு எறங்காது சார்.”

அவர்கள் போனதும் யதீசன் ஒரு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தான். இத்தனை நாளும் அவன் நின்றே சாப்பிட்டிருந்தான். கால் தொங்கத்தான் செய்தது.

“அக்கா, ரம்பம் கிடைக்குமா? ஸ்டூல், மேசை எல்லாத்துக்கும் காலக் குறைக்கணும். அப்புறம் கையெழுத்துப் போடுறேன்.”

லீலா கரண்டியைக் கீழே வைத்தார். “சயந்தினி பாத்துப் பாத்து வாங்குனது தம்பி.”

“தெரியும்க்கா.”

யதீசன் இறங்கினான். எந்த உயரம் தோதுப்படும் என்று கேட்க முனைக்கடை வரிசையை நோக்கி நடந்தான்.