சோதனை ஓடுகிறது

"அக்கா, பிளக்கைப் பிடுங்காதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மேசைக்கடியில் குனிந்திருந்த நாத்தனார், கையில் வயரோடு நிமிர்ந்து முறைத்தாள். தம்பியின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. மேசையை நகர்த்தாமல் கூடத்தில் எப்படி இடம் பண்ணுவதாம்?

"அப்படி என்னடி இருக்கு இதுக்குள்ள?"

"தெரியாதுக்கா."

சத்தியமாகத் தெரியாது. மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்குக் கம்பைலரைப் பற்றி என்ன தெரியும்? காலை ஆறு மணிக்கு அவள் புருஷன் இந்த மடிக்கணினியில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தான். "சோதனை ஓடுது, மத்தியானம் வரைக்கும் மூடிடாதே" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனான். குளியலறையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து வருஷம் கூட வாழ்ந்தவன் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான். இதையாவது காப்பாற்றாமல் என்ன பெண்டாட்டி அவள்?

ஒன்பது மணிக்கு வீடு திரும்பியதிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கு எந்தச் சட்டை போடுவது என்று ஒருவர் கேட்டார். டாக்டர் கொடுத்த காகிதம் எங்கே என்று இன்னொருவர் கேட்டார், வாஷிங் மெஷினின் உத்தரவாதச் சீட்டை எடுத்து நீட்டினாள். நடுநடுவே திரை இருட்டிக்கொண்டு வந்தது. ஐயையோ, அணைந்துவிடுமோ? ஓடிப்போய் ஒவ்வொரு தடவையும் ஒரே பொத்தானைத் தட்டினாள். வெளிச்சம் வந்தால்தான் மூச்சு வந்தது.

பதினொன்றரைக்கு ஒட்டகம் வந்தான். அவள் புருஷனோடு ஒரே அறையில் வேலை பார்ப்பவன். கழுத்து நீளத்துக்காகப் புருஷன் வைத்த பெயர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"தம்பி, இது ஓடுதா, நின்னு போச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஓடுது அண்ணி. இன்னும் நூத்திச் சொச்சம் சோதனைதான் பாக்கி."

"மூணு மாசமா சாப்பிடும்போதுகூட இதே பேச்சு. அப்படி என்னதான் பண்ணினாரு?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாம எழுதுறதை மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்துறதுதான் கம்பைலர். மாத்தும்போதே சில கணக்கை அதுவே போட்டுப் பார்த்துடும். அதுக்காகத் தற்காலிகமா சிலதை உருவாக்கும், வேலை முடிஞ்சதும் அழிக்கணும். எங்களோடது சரியான அவசரக்குடுக்கை அண்ணி. பாதிக் கணக்குலயே அழிச்சிடும். அப்புறம் இல்லாததைத் தேடி முழிக்கும்."

"சரி பண்ணிட்டாரா?"

"அதைத்தான் பார்த்துட்டு இருக்கோம்."

திரையின் மூலையில் எண்கள் ஓடின. நாத்தனாரும் வயரை விடாமல் எட்டிப் பார்த்தாள். எண்கள் நின்றன.

"எல்லாமே தேறிடுச்சு அண்ணி," என்றான். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஓடியாடிக்கொண்டிருந்த நாத்தனார், அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. தேறிவிட்டது என்றால் சந்தோஷப்பட வேண்டுமா? யாரிடம் கேட்பது?

வேலையை அலுவலகத்துக்கு அனுப்புவதற்காகத் திரையை நெருங்கிப் பார்த்தவன் கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணி, இதை யாராச்சும் தொட்டாங்களா?"

பின்னால் படிக்கிறவர்களுக்காக அவள் புருஷன் காலையில் எழுதிக்கொண்டிருந்த குறிப்பு அது. ஒட்டகம் வாசித்துக் காட்டினான்: 'இதை இங்கே அழிக்கக் கூடாது. முழுக் கணக்கும் முடிந்த பிறகே அழிக்க வேண்டும். ஏனென்றால்'. அதற்குப் பிறகு ஒரே எழுத்து, வரிசையாக, அரை வரிக்கு ஓடியது.

"நான்தான் தம்பி. இருட்டும்போதெல்லாம் தட்டினேன். கெடுத்துட்டேனா?"

"இல்ல அண்ணி, காலையில சேமிச்சு வெச்சதுதான் ஓடினது. இது வெறும் குறிப்பு."

"ஏன்னு என்ன எழுத வந்தாரு?"

"எனக்குத் தெரியும். நான் முடிச்சு அனுப்பிடுறேன். அவர் பேர்லயேதான் போகும்."

"இருங்க. இதை நானே அழிக்கிறேன். எதை அமுக்கணும்?"

காட்டினான். தட்டியது போலவே ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தாள்.

"வண்டி வந்திருச்சு!" என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"இதோ வரேன்," என்றாள்.

கடைசி எழுத்தும் போய், 'ஏனென்றால்' மட்டும் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.