வலப்பக்கப் பந்து

மில் பஸ் சேரன்மகாதேவியில் டீக்கு நின்றபோது பெர்சனல் ஆபீசர் குமரகுருபரன் கேப்டன் பாபநாசத்தைத் தனியே கூப்பிட்டார். கூடைப்பந்து அணியின் மற்ற ஆட்கள் கடை வாசலில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் பஸ் நிழலில் ஒதுங்கி நின்று, கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்.

“இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் நீரு ஒரு வார்த்தை சொல்லணும்வே. எலியேசரு காலு தேறி பழைய ஆளா ஆயிட்டானா இல்லையான்னு. இந்த மாசத்தோட அவன் ஒப்பந்தம் முடியுது. மேலிடத்துல கேக்காங்க.”

“கோச்சுகிட்ட கேக்கலாமே சார்.”

“அது அவரு கொண்டாந்த ஆளு. விட்டுக்குடுப்பாரா? நீருதான் பக்கத்துல நின்னு ஆடுதீரு, கேப்டன் வேற. நீரு சொல்லுததத்தான் எழுதப்போறேன்.”

டிரைவர் ஹாரன் அடித்தார். பாபநாசம் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஏறிக்கொண்டான்.

விக்கிரமசிங்கபுரத்து மில்லில் நூல் எடை போடும் பிரிவில் அவன் குமாஸ்தா. பதினோரு வருஷமாக மில் அணியில் ஆடுகிறான். எலியேசர் பாளையங்கோட்டைக்காரன், இந்திய அணியின் பயிற்சி முகாம் வரை போய் வந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், தொண்ணூறில், மில் அவனைச் சென்னையிலிருந்து மாதம் எட்டாயிரம் பேசி அழைத்து வந்தது. பாபநாசத்துக்கு அதில் கால்வாசிகூட வராது. ஆபீசர்கள் வரிசையில் இரண்டு படுக்கையறை வைத்த வீடும் எலியேசருக்குக் கிடைத்தது. “அவனுக்கு நீட்டிக்க மாட்டாங்கன்னு பேசிக்கிடுதாங்க. அந்த வீடு காலியானா நம்ம பேரைச் சொல்லி வைங்க” என்று காலையில் பாபநாசத்தின் மனைவி கோமு சொல்லியிருந்தாள். புளியோதரையை இலையில் மடித்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சம்பளத்தையும் வீட்டையும்கூட அவன் மனசிலிருந்து தள்ளிவிட முடியும். தள்ள முடியாதது போன வருஷம் ஆவணியில் நடந்தது. பயிற்சி ஆட்டத்தில் எலியேசர் பந்துக்கு எழும்பி இறங்கியபோது அவனுடைய இடது கால் தரையில் படவில்லை, பாபநாசத்தின் ஷூவின் மேல் பட்டது. முட்டி உள்பக்கமாகத் திரும்பி, நனைந்த விறகு முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பாபநாசம் வேண்டுமென்று காலைக் கொண்டுபோய் வைக்கவில்லை. அது சத்தியம். ஆனால் எலியேசர் இறங்கி வருவது தெரிந்தது. இழுத்திருக்க நேரம் இருந்ததா? எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் நினைவு அந்த இடத்தில் வந்து நின்றுவிடும், அதற்கு மேல் போகாது. சென்னையில் ஆபரேஷன் நடந்தது. பத்து மாதம் எலியேசர் கோர்ட்டில் கால் வைக்கவில்லை. ஒரு நாளும் அவன் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

ஐந்து மணிக்கு மதுரை அணியோடு அரையிறுதி. பாளையங்கோட்டை மைதானத்தின் சிமெண்டுத் தரை அப்போதும் கொதித்தது. மில் ஆட்கள் இரண்டு பஸ் நிறைய வந்து மரப்பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எலியேசர் இறங்கியதும் கைதட்டல் கேட்டது. கூடவே, பின்வரிசையிலிருந்து, “சும்மா இருந்து சம்பளம் வாங்குனது போதும்லே, குதி பாப்போம்” என்று ஒரு குரலும் வந்தது. சிரிப்பு பரவியது. எலியேசர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தின் பின்பக்கம் மட்டும் சிவந்தது.

முதல் பாதியில் அவன் பதினான்கு புள்ளி போட்டான். நின்ற இடத்திலிருந்து எறிந்தவை பாதி. மீதி, இடப்பக்கமாக வந்து வலது காலை ஊன்றி எழும்பி, இடது கையால் வளையத்துக்குள் வைத்தவை. சிரித்தவர்கள் இப்போது பலகையை உதைத்துக் கத்தினார்கள். ஆபீசர் முன்வரிசையிலிருந்து பாபநாசத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

இடைவேளையில் குளுக்கோஸ் தண்ணீரை வாயில் ஊற்றும்போதுதான் பாபநாசத்துக்கு அது உறைத்தது. எலியேசர் பேர் வாங்கியதே வலப்பக்க ஆட்டத்தில்தான். வலது மூலையிலிருந்து இரண்டு எட்டு ஓடிவந்து, இடது காலை ஊன்றி எழும்பினால் எதிரணியில் ஒருத்தன் கையும் அவனுக்கு எட்டாது. இன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு பந்துகூடப் போகவில்லை. கொடுத்தது பாபநாசம். அத்தனையும் இடப்பக்கம், அத்தனையும் கைக்கு வாகாக. யோசித்துச் செய்யவில்லை. கைகள் தாமாகவே அந்தக் காலுக்கு அணைகட்டிக்கொண்டிருந்தன.

அப்படியானால் எதை வைத்து வார்த்தை சொல்வது? பழைய ஆள்தான் என்று சொன்னால் அதில் பாதி அவனே ஜோடித்தது. இல்லை என்று சொன்னால், எட்டாயிரம் உறுத்தியதில் சொன்னான், வீட்டுக்காகச் சொன்னான் என்பார்கள். அதில் பொய்யும் இருக்காது. சரி, வலப்பக்கம் ஒன்று கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றால், அந்த முட்டி மறுபடியும் முறிந்தால்? உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. பனியனில் துடைத்தான். பனியனும் நனைந்திருந்தது.

இரண்டாம் பாதியில் மதுரைக்காரர்கள் விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். இடப்பக்கத்தை இரண்டு பேர் வந்து அடைத்தார்கள். பதினைந்து நிமிஷத்தில் எலியேசருக்குக் கிடைத்தது நான்கே புள்ளி. பின்வரிசைக் குரல் திரும்பவும் எழுந்தது. பன்னிரண்டு வினாடி மிச்சம், ஒரு புள்ளி பின்தங்கல் என்றபோது கோச் டைம் அவுட் கேட்டார். வேர்வை சொட்ட எலியேசர் பாபநாசத்தின் பக்கத்தில் குனிந்தான்.

“வலப்பக்கம் தாங்கண்ணே.”

“வேண்டாம்லே. நான் வேற ஆளுக்குக் குடுக்கேன்.”

“இன்னைக்கு மட்டுமா, நான் திரும்பி வந்ததுல இருந்தே நீங்க இப்படித்தான் குடுக்கீங்க. பயிற்சியிலயும் அப்படித்தான். நீங்க குடுக்குத லட்சணத்துல என் காலு தேறிச்சா இல்லையான்னு எனக்கே தெரியாமப் போச்சு.”

“லே, அன்னைக்கு என் காலு...”

“அத இப்பப் பேசாதீங்க. டீக்கடையில ஆபீசரு உங்கள எதுக்குக் கூப்புட்டாருன்னு தெரியும். அவருகிட்ட என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க. எனக்குத் தெரியணும்.”

விசில் அடித்தது. பாபநாசம் பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினான். இடது புறம் இரண்டு பேர் காத்து நின்றார்கள். வலது மூலையில் எலியேசர் கையை நீட்டவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். ஏழு வினாடி. ஆறு. பந்து பாபநாசத்தின் கையைவிட்டுப் போன பிறகுதான் கொடுத்துவிட்டோம் என்பது அவனுக்குத் தெரிந்தது.

எலியேசர் இரண்டு எட்டு வைத்தான். இரண்டாவது எட்டில் இடது கால் ஊன்றியது. அங்கே ஒரு தயக்கம், இமைக்கும் நேரம்கூட இருக்காது. பிறகு எழும்பினான். பழைய உயரத்துக்கு ஒரு சாண் குறைவு. ஒருபோதும் எட்டாதிருந்த எதிராளியின் விரல்நுனி பந்தை உரசியது. பந்து வளையத்தின் விளிம்பில் ஒருமுறை உருண்டு வெளியே விழுந்தது. எலியேசர் இறங்கினான். இடது கால் தரையில் பட்டது. கால் மடங்கவில்லை. எலியேசர் நின்றான்.

கடைசி விசில் அடித்தது. மதுரைக்காரர்கள் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மில் பலகைகள் சத்தமில்லாமல் காலியாயின. மைதானத்து விளக்குகளை அப்போதுதான் போட்டார்கள். ஆபீசர் டைரியைத் திறந்தபடி வந்தார்.

“சொல்லும்வே.”

“ஒரு சாண் கொறைஞ்சிருக்கு சார்.”

“அப்ப தேறாதுங்கீரு.”

“அப்படிச் சொல்லல. மொதப் பாதியில அவன் போட்டதெல்லாம் நான் பாத்துப் பாத்துக் குடுத்தது. கடைசியாப் போன பந்துதான் அவனா ஆடுனது.”

“அதுதான் உள்ள போகலையே.”

“போகல. ஆனா அந்த இடது காலை ஊனி எழும்புனான், எறங்குனான். அது தொடக்கம் சார். இன்னும் ஆறு மாசம் போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.”

ஆபீசர் பேனாவை மூடியோடு டைரியில் தட்டிக்கொண்டிருந்தார். “தெரியாதுன்னு நான் எழுத முடியாதுவே.”

பாபநாசம் டைரியைக் காட்டினான். “இன்னொண்ணையும் எழுதிக்கிடுங்க. போன வருஷம் அவன் எறங்குனது என் காலு மேல. நான் இழுத்திருக்கலாமோ என்னமோ. என் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்புன்னு மேலிடத்துல அதையும் வச்சுப் பாத்துக்கிடட்டும்.”

ஆபீசர் பேனாவைத் திறந்தார். டைரியில் என்ன எழுதினார், எழுதினாரா என்பது தெரியவில்லை. டைரியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

எலியேசர் பலகையின் கீழ்ப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவர்கள் பேசியது அவனுக்குக் கேட்டிருக்கும். எதிரே தரையில் பாபநாசம் வந்து உட்கார்ந்ததும், முட்டியில் இறுக்கிக் கட்டியிருந்த துணிப்பட்டையின் ஊக்கைக் கழற்றி, அதன் நுனியை அவனிடம் நீட்டினான். பாபநாசம் வாங்கிக்கொண்டான். எலியேசர் முட்டியைச் சுற்றிச் சுற்றி அவிழ்க்க, அவன் இந்தப் பக்கம் சுருட்டினான். பஸ் ஹாரன் அடித்தது. வேர்வையில் நனைந்த பட்டை, உடம்புச் சூடு ஆறாமல், இன்னும் வந்துகொண்டே இருந்தது.