சத்தியக் கடதாசி

வீட்டைக் காலிபண்ணச் சொல்லிப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தைக் கஜீபன் கையெழுத்து வைத்துத்தான் வாங்கினான். மூன்று மாத அவகாசம் கொடுத்த கடிதம். அந்த மூன்று மாதமும் முடிந்து, மேலே ஐந்து வாரமும் போய்விட்டது. வெள்ளைமணலில் இருந்த அந்த இரண்டறை வீட்டில் அவனும் மனைவி ஜெயரூபியும் பதினோராம் ஆண்டு படிக்கும் மகளும் இன்னும் குடியிருந்தார்கள்.

வீட்டுக்காரி அசனா கிண்ணியாவில் ஆசிரியை. கணவர் மௌத்தாகி ஆறு வருடம். மூத்த மகள் ரிஸ்னாவுக்குச் சீதனமாகக் கொடுப்பதற்கென்றே அவர் அந்த வீட்டைக் கட்டினார். மகளுக்குக் கலியாணம் சரிவரும்வரை சும்மா கிடப்பானேன் என்று அசனா வாடகைக்கு விட்டாள். துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் அந்தப் பக்கத்தில் வீடு தேடி அலைவதால் ஆள் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கஜீபன் ஈச்சிலம்பற்றுக்காரன், துறைமுகத்தில் பாரந்தூக்கி திருத்துகிற வேலை. வாடகை ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. வீட்டை விட்டு எழும்ப மறுக்கிறான் என்பதைத் தவிர அவன்மேல் சொல்ல அசனாவிடம் ஒரு குறையும் இல்லை.

ரிஸ்னாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை தோப்பூர். வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த இடியப்பத் தட்டுகளைப் பார்த்தாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"ஆக்கள் எழும்பினாப் பொறகு சொல்லுங்க, வந்து பாக்கம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

அன்று பின்னேரமே அசனா கஜீபனோடு கதைத்தாள்.

"நான் தேடாமல் இருக்கேல்லை டீச்சர்" என்றான் அவன். "சீனக்குடாவில பாத்தனான், பாலையூற்றில பாத்தனான். ஒண்டும் சரிவரேல்லை. கந்தளாய்ப் பக்கம் கிடக்கு. அங்கயிருந்து இவ எப்பிடி விடிய ஆறரைக்கு முதல் எழுபது பேருக்கு இடியப்பம் கொண்டுவந்து குடுக்கிறது?"

"ஒப்பந்தம் முடிஞ்சுதே தம்பி. எனக்கும் புள்ளைட அலுவல் இரிக்கி."

ஜெயரூபி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மகளின்ர சோதினை முடியட்டும் டீச்சர். முடிஞ்ச கையோட போறம். வேணுமெண்டால் எழுதித் தாறன்."

பள்ளிக்கூடச் சோதனை முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கலியாணத்துக்கு ஏழு வாரம்.

சட்டத்தரணி பரீனா திருகோணமலையில் இருந்தாள், அசனாவிடம் படித்தவள். ஒப்பந்தத்தையும் கடிதத்தின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒழுங்கா இரிக்கி டீச்சர், வழக்குப் போடலாம்" என்றாள். "ஆனா ஒண்டு. உங்கட வீடெண்டாலும், ஆள் இருக்கக்குள்ள பூட்டை உடைக்க ஏலா. கரண்டை வெட்ட ஏலா, தண்ணியை நிப்பாட்ட ஏலா. பொலிஸுக்கும் எழுப்புற அதிகாரம் இல்ல. நீதிமன்றம் கட்டளை போட்டு, அதோட கோட்டுப் பிஸ்கால் உத்தியோகத்தர் வந்துதான் ஆளை எழுப்பலாம்."

"எத்தின நாள் போகும்?"

"கஜீபன் வந்து மறுத்துக் கதைச்சா, நாள் சொல்ல ஏலா."

அசனாவின் தம்பி றம்ஸானுக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. கிண்ணியாவில் இரும்புக்கடை வைத்திருப்பவன் அவன். கணவர் போன பிறகு அசனாவின் வீட்டுக் காரியமெல்லாம் அவன் தலையில்தான். "உங்கட ஊட்டுக்குள்ள போக உங்களுக்குக் கோடு என்னத்துக்கு ராத்தா? தோப்பூராக்கள் ஏழு வாரத்துக்கு மேல நிப்பாங்களா? நான் பாத்துக்கிறன். நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். வந்து நிண்டாச் சரி."

அசனா வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு பலநாள் அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்த்தாள். சரி என்றும் அவள் சொல்லவில்லைதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை காலை. கஜீபன் வேலைக்குப் போய்விட்டான், மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள், ஜெயரூபி இடியப்பம் கொடுக்கப் போயிருந்தாள். றம்ஸான் ஒரு சின்ன லொறியும் மூன்று ஆட்களும் கொண்டுவந்தான். இரும்பு வெட்டுகிற மிஷினைப் பூட்டில் வைத்ததும் எழுந்த கீச்சுச் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு வந்தார்கள். அசனா கேற்றுக்கு வெளியே நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

முதலில் கட்டில் வந்தது. பிறகு கதிரைகள், அலுமாரி, சாமிப் படங்கள், மகளின் புத்தகங்கள். புத்தகங்களை ஒருவன் படுக்கை விரிப்பில் கொட்டி மூட்டையாகக் கட்டிக்கொண்டுவந்து வேலியோரம் போட்டான். அடுத்த நாளுக்கென்று அவித்து அரித்து வைத்திருந்த மாவை இன்னொருவன் அண்டாவோடு தூக்கி வந்தான். படியில் கால் இடறியது. மாவெல்லாம் முற்றத்து மணலில் கொட்டுண்டது.

"பாத்துத் தூக்குங்க" என்றாள் அசனா. அவ்வளவு நேரத்தில் அவள் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

ஜெயரூபி சைக்கிளில் வந்து இறங்கினாள். கத்துவாள், மண் அள்ளித் திட்டுவாள் என்று அசனா பயந்துகொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, புது ஆமைப்பூட்டு தொங்கிய கதவைப் பார்த்தாள். பிறகு கொட்டிக் கிடந்த மாவைப் பார்த்தாள். ஃபோனை எடுத்துக் கஜீபனுக்கு, "வாங்கோ, எங்களை வெளியில போட்டிட்டினம்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அசனாவின் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், நீங்களும் வந்து நிண்டனீங்களோ?"

றம்ஸான் அசனாவின் கையைப் பிடித்து லொறியில் ஏற்றினான்.

அன்று பின்னேரமே கஜீபன் பொலிஸில் முறைப்பாடு எழுதினான். பொலிஸ் அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. இரண்டு பக்கமும் நடந்ததைச் சத்தியக் கடதாசியில் எழுதிப் பத்து நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதுவரை வீடு பூட்டியே கிடக்கவேண்டும். கஜீபனும் குடும்பமும் துறைமுகத்தில் கூட வேலைசெய்யும் ஒருவருடைய வீட்டில் ஓர் அறையில் ஒண்டினார்கள்; சாமான் அந்த வீட்டு முற்றத்தில் கிடந்தது.

பரீனா கோபத்தை மறைக்கவில்லை. "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னன்தானே டீச்சர்? இந்த வழக்கில வீடு ஆருக்குச் சொந்தம் எண்டு நீதவான் பாக்கமாட்டார். போன ரெண்டு மாசத்துக்குள்ள ஆர் அங்க இருந்த, ஆரைப் பலவந்தமா எழுப்பின, அதுதான் கேள்வி."

"அப்ப அவங்களாத்தான் போனாங்க எண்டு எழுதுங்க" என்றான் றம்ஸான். "சாவியைக் கையில தந்திட்டுப் போனாங்க. சாமானை ஏத்தத்தான் நாங்க லொறி கொண்டுபோன."

"அப்பிடியா டீச்சர் நடந்த?"

அசனா தபால் பற்றுச்சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"டீச்சர் வாயால சொல்லாத ஒண்டையும் நான் எழுதமாட்டன்" என்று பரீனா பேனையை மூடினாள்.

றம்ஸான் கடதாசியை வேறோர் இடத்தில் எழுதுவித்தான். இரண்டு நாள் கழித்து அசனாவைக் கிண்ணியாவிலேயே சமாதான நீதவான் ஒருவரிடம் கூட்டிப்போனான். அவர் முன்னிலையில் கையெழுத்து வைத்தால்தான் கடதாசி செல்லும். வழியெல்லாம் அவன் கதைத்துக்கொண்டே வந்தான். "ரிஸ்னாவை நினைங்க ராத்தா. இந்தக் கடதாசி போகல்ல எண்டா ஊடு போச்சு. ஊடு போனா மாப்பிள்ளையும் போச்சு. நானும் அந்த மூணு பேரும் உள்ளுக்குப் போவம். உங்களுக்காகத்தானே செஞ்சன்?"

அது பொய்யில்லை. அவளுக்காகத்தான் செய்தான்.

சமாதான நீதவான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். "வாசிச்சு விளங்கின நீங்கதானே?"

"ஓம், எல்லாம் வாசிச்சிட்டாங்க" என்றான் றம்ஸான்.

"உங்களைக் கேக்கல்ல. டீச்சர், ஒருக்கா சத்தமா வாசிங்க."

அசனா தாளை வாங்கினாள். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று வாசித்த குரல் முதல் வரியிலேயே கரகரத்தது. தன் பெயர், முகவரி, 'உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதியுரைப்பதாவது.' இரண்டாம் பந்தி வீடு பற்றியது. மூன்றாம் பந்தி: 'மேற்குறித்த கஜீபன் என்பவர் தமது சுயவிருப்பின் பேரில்…'

அங்கே நின்றுவிட்டாள். மின்விசிறி மேசையிலிருந்த தாள்களைப் படபடக்க வைத்தது. றம்ஸான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசிங்க ராத்தா."

"ஏலா" என்றாள்.

"என்ன ஏலா?"

"அவங்க தாங்களாப் போகல்ல. பூட்டை வெட்டினம். நான் பாத்துக்கிட்டு நிண்டன்." தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "பொய்யில கையெழுத்து வைக்க எனக்கு ஏலா றம்ஸான்."

அவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். "இனி என்னத்துக்கும் என்னைக் கூப்பிடாதீங்க" என்றான். அவளை அங்கேயே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அசனா ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். நடந்ததைக் கேட்ட ரிஸ்னா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு நாள் உம்மாவோடு கதைக்கவில்லை.

அசனா சொல்லச் சொல்லப் பரீனா எழுதிய கடதாசி ஒரு பக்கம்தான். நடந்தது நடந்தபடி. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பரீனா கஜீபனுடைய சட்டத்தரணியோடு கதைத்தாள். தவணை நாளில் நீதவானுக்கு முன்னால் உடன்பாடு பதிவானது. அன்றைக்கே வீடு கஜீபனுக்குத் திரும்பக் கொடுக்கப்படவேண்டும். மகளின் சோதனை முடிந்து ஒரு மாதத்துக்குள் அவன் தானாக வீட்டை ஒப்படைக்கவேண்டும். பூட்டு உடைத்ததற்காகக் கொடுத்த முறைப்பாட்டை அவன் தொடரமாட்டான்.

அந்தப் பின்னேரம் பொலிஸ்காரர் ஒருவரோடு அசனா வெள்ளைமணலுக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். கஜீபனும் கூட வேலைசெய்கிறவர்களும் சாமானை இறக்கினார்கள். புத்தக மூட்டை மழையில் நனைந்து ஊதியிருந்தது. அசனா குனிந்து அதைத் தூக்கப் போனாள்.

"தொடாதீங்கோ" என்றாள் ஜெயரூபி.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அசனா நிமிர்ந்து, கேற்றுக்கு வெளியே போய் நின்றாள்.

தோப்பூராக்கள் கலியாணத்தை நிப்பாட்டவில்லை. ஆனால் மூன்று மாதம் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் கிண்ணியா வீட்டிலேயே நிக்காஹ் நடந்தது; முன்னறையை மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்துவிட்டு அசனா சாமான் அறையில் படுத்தாள். றம்ஸான் கலியாணத்துக்கு வந்தான், சாப்பிட்டான், அவளோடு கதைக்காமல் போனான்.

சோதனை முடிந்து இருபத்தாறாம் நாள் கஜீபன் அசனாவுக்கு ஃபோன் எடுத்தான். சீனக்குடாவில் வீடு கிடைத்திருந்தது. அசனா போனபோது லொறி புறப்பட்டுவிட்டது. ஜெயரூபி மட்டும் நின்றாள். வீடு கழுவித் துடைத்திருந்தது. அவள் ஒவ்வொரு லைற்றாகப் போட்டுக் காட்டினாள், ஒவ்வொரு பைப்பாகத் திறந்து காட்டினாள். பிறகு கொப்பித் தாள் ஒன்றை நீட்டினாள்.

"எல்லாம் நல்லபடி இருந்தது, சாவி கிடைச்சது எண்டு எழுதித் தாங்கோ டீச்சர்."

அசனா சுவரில் வைத்து எழுதினாள். எழுதும்போது, "என்னைப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றாள்.

ஜெயரூபி தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். "திகதி போடேல்லை" என்று திருப்பி நீட்டினாள்.

அசனா திகதி போட்டுக் கொடுத்தாள். ஜெயரூபி அதை மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.