மழை நனைக்காத பை

அன்று காலை ஏழு மணிக்குப் பிடித்த மழை பத்து மணிக்குத்தான் விட்டது. கறுப்புக்கேட்டுத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டப் போனவர்கள் எல்லாரும், பால் வடிய மரத்தில் கட்டியிருந்த மங்குகளில் தண்ணீர் நிரம்பிப் பால் வீணாய்ப் போனதைப் பார்த்து வயிறெரிந்து நின்றார்கள். ராமாத்தாளுக்கு அதற்குக்கூட நேரமில்லை. மடியில் முடிந்துவைத்திருந்த அடையாளக் கார்டை எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கார்டு ஊறிய அப்பளம் மாதிரி தொளதொளவென்று கிடந்தது. படம் கழன்று கையோடு வந்தது. பெருவிரல் ரேகை இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டுதான் மிச்சம்.

மலாய் நாட்டில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் கொண்டுவந்து மூன்றாவது வருஷம் அது. புலாவ் செபாங்கைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஆட்கள் குடியிருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் கேட்டைத் திறந்தால் வேலைக்குப் போகலாம், மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். போகும்போதும் வரும்போதும் கார்டைக் காட்ட வேண்டும். மடியில் ஒரு பிடி சோறு இருந்தாலும், காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்குக் கொண்டுபோகிற சோறு என்று பிடித்துவிடுவார்கள். கார்டைப் புகையிலை டின்னில் போட்டு வைக்கலாமென்றால், டின்னைக் கண்டாலே உள்ளே அரிசி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். அதனால் ஆளாளுக்குக் கார்டை மடியிலும் முண்டாசிலும் சொருகிக்கொண்டு, வேர்வையிலும் மழையிலும் ஊறவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராமாத்தாளை அன்றைக்குக் கேட்டிலேயே நிறுத்தி, லாரியில் ஏற்றி, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி ஜூலியஸ் வந்து, இவள் எங்கள் ஆள்தான், ஏழு வருஷமாகப் பால் வெட்டுகிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. ஆனால் மாத்தா என்று சொல்கிற போலீஸ்காரன் ஒருவன், கழன்றுபோன படத்தை இன்னொருவனிடம் தூக்கிக் காட்டி, இது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொல்லிச் சிரித்தான். தன் முகம் தன்னுடையது என்பதற்கே இன்னொருத்தர் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

புதுக் கார்டு வந்த மறுவாரம் திரும்பவும் மழை. மரத்தடியில் ஒண்டி நின்றபோது ராமாத்தாள் தன் கையைப் பார்த்தாள். வேலைக்குப் போடுகிற பழைய சட்டை அது. வருஷக்கணக்காய் ரப்பர்ப் பால் தெறித்துத் தெறித்து, கைப்பக்கம் தகடு மாதிரி விறைத்துப் போயிருந்தது. அந்த இடத்தில் விழுந்த மழைத்துளி ஊறவில்லை. சேம்பு இலையில் உருளுகிற மாதிரி உருண்டு கீழே விழுந்தது. மற்ற இடமெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடக்க, அந்த ஒரு சாண் துணி மட்டும் உள்ளே காய்ந்தபடியே இருந்தது. அவள் கைப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மழை விட்டதுகூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு மாவுச்சாக்குத் துணியை வெட்டி, கார்டு அளவுக்கு ஒரு பை தைத்தாள். ரப்பர்ப் பால் தோட்டத்துச் சொத்து, ஒரு மங்கு எடுத்தாலும் திருட்டு. அதனால் வெட்டி முடித்தபின் சட்டையிலும் வாளி விளிம்பிலும் ஒட்டியிருந்ததை மட்டும் வழித்து, துணியில் தடவிப் பார்த்தாள். அவள் புருஷன் சாமிக்கண்ணு, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகையில் வேலை செய்பவர். அதிகம் பேசாதவர். தன் கார்டை அந்தப் பையில் போட்டுக்கொண்டு போனார். மத்தியான வெயிலுக்கு ரப்பர் இளகி, கார்டின் ஒரு மூலை பையோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்த கார்டை அவள் முன்னால் வைத்தார்.

அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரிந்து, ராமாத்தாள் பை என்று சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் விடவில்லை. துணியின் உள்பக்கம் ரப்பர் படவே கூடாது என்று புரிந்தது. வெளியே மட்டும் தடவினால் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவளுக்கு வழி காட்டியது சாமிக்கண்ணுதான். கார்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பலகைத் துண்டைச் செதுக்கிக் கொண்டுவந்து, பையை அதில் மாட்டச் சொன்னார்.

"தடவாத புள்ள. அப்படியே பால்ல முக்கி எடு. தையலு, துணி எல்லாத்தையும் ஒண்ணா மூடிடும்" என்றார்.

அன்றன்று வாளிகளில் வழித்ததை ஒரு தகர மூடியில் சேர்த்து, அதில் முக்கி எடுத்து நிழலில் காயவைத்து, மறுபடி முக்கி, அப்புறம் ஷீட்டுகளோடு சேர்த்து நாலு நாள் புகையில் தொங்கவிட்டார்கள். வெளியே வந்தபோது பை தேன் நிறத்தில் மினுமினுத்தது. முகப்பவுடரைத் தூவித் துடைத்ததும் ஒட்டுகிற குணமும் போய்விட்டது. வாயை இரண்டு மடிப்பு மடித்து நாடாவால் சுற்றிக் கட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். ராமாத்தாள் அதைக் குழாயடி வாளியில் போட்டுவிட்டு, சோறாக்கி முடித்து வந்து திறந்து பார்த்தாள். உள்ளே வைத்த காகிதம் காய்ந்திருந்தது. அங்கேயே குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரித்தவர்கள்தான் முதலில் கேட்டு வந்தார்கள். ஆனால் பாலுக்கு எங்கே போவது? அவள் நேராக ஜூலியஸ் கிராணியிடம் போய், கார்டு கெட்டுப்போய் ஆள் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் தோட்டத்துக்குத்தானே ஆள் குறைகிறது என்று எடுத்துச் சொன்னாள். அவர் துரையிடம் பேசி, வாரத்துக்கு ஒரு வாளிப் பாலை விலைக்குக் கொடுக்கவும், புகைக் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கவும் உத்தரவு வாங்கினார். பக்கத்து வீட்டு அகதாவும் கோமளாவும் தைக்க வந்தார்கள். ஒரு மாதத்தில் தோட்டத்தில் கழுத்தில் பையில்லாத ஆளே இல்லை. அதற்குப் பிறகுதான் ராமாத்தாளுக்கு அந்த எண்ணம் வந்தது. மற்ற தோட்டத்துக்காரர்களும் மழையில்தானே நிற்கிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு, புலாவ் செபாங் பாசாரில் சந்தை கூடுகிற இடத்துக்குக் கிளம்பினாள். கேட்டில் பெண்களைச் சோதிக்கிற அன்னம்மா கூடையைத் திறந்தாள். டவுனிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள், இந்தப் பையின் கதை தெரியாதவள். ஒரு ஆளுக்கு எதற்கு நாற்பது பை, அதுவும் மழை இறங்காத பை என்று கேட்டாள். ராமாத்தாள் சொன்ன பதில் அவளுக்குத் திருப்தியாகவில்லை. மறுபடியும் லாரி, மறுபடியும் அதே ஸ்டேஷன், அதே பெஞ்சு. கூடவே ஓடி வந்த சாமிக்கண்ணு, பையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினார். ஆனால் நாற்பது பையையும் தன் கையால் முக்கியெடுத்தவள், எதற்காக மன்னிப்புக் கேட்பது?

இன்ஸ்பெக்டர் நடுவயது மலாய்க்காரர். ஒரு பையை எடுத்து இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். மழையிலேயே கிடப்பவர்கள் யார், காட்டில் இருப்பவர்கள்தானே, கடுதாசியும் நெருப்புப்பெட்டியும் நனையாமல் வைத்துக்கொள்ள அவர்களுக்குத்தானே இது வேண்டும் என்று கேட்டார். ராமாத்தாளுக்குப் பாசார் மலாய் தெரியும். அதிலேயே பதில் சொன்னாள்.

"துவான், காட்டுல இருக்கவங்க பஸ்ஸ நிறுத்தினா மொதல்ல எங்க கார்டத்தான் புடுங்கிக் கிழிக்கிறாங்க. கார்டே வேணாங்கிறவங்களுக்கு நான் எதுக்குக் கார்டுப் பை தைக்கணும்? கார்டு நனைஞ்சதுக்கு இதே பெஞ்சில ரெண்டு நாள் உக்காந்தவ நான்."

ராமாத்தாள் கையை நீட்டினாள்.

"துவானோட கார்டக் குடுங்க."

சாமிக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். என்ன நினைத்தாரோ, இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து தன் கார்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பையில் வைத்து, இரண்டு மடிப்பு மடித்து, நாடாவைச் சுற்றிக் கட்டி, மூலையிலிருந்த தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடித்தாள். இன்ஸ்பெக்டர் தேநீர் வரவழைத்து, அவசரப்படாமல் குடித்து முடித்தார். அதுவரை அவள் கையை எடுக்கவில்லை. பிறகு ஈரப் பையை அவருடைய மேஜைமேலேயே வைத்தாள். அவரே திறந்து, கார்டை எடுத்து, படத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ஈரமில்லை.

விற்கலாம் என்றார். ஆனால் கார்டைக் காட்டுகிறவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும், ஆளுக்கு ஒன்றுதான், எங்கே செய்த பை என்று தெரிகிற மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம் வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் ராமாத்தாள் தலையாட்டினாள். எழுந்திருக்கும்போது, இதை நான் வைத்துக்கொள்கிறேன் என்று அவர் காசை எடுத்து நீட்டினார். சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை அவளுக்கு வாய்வரை வந்தது. வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, காசை வாங்கிக்கொண்டாள். வழியில் சாமிக்கண்ணு, போலீஸ்காரரிடமே காசு வாங்கிவிட்டாயே என்றார். அவர் குரலில் இருந்தது பயமா, பெருமையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடையாளத்துக்குச் சிவப்பு நூலை எடுத்துக்கொண்டாள். நாடா தைக்கிற இடத்தில் மூன்று தையல். அந்த மூன்று தையலே பைக்குப் பேராகிவிட்டது. புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷன் எதிரே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஞாயிறுதோறும் உட்கார்ந்தாள். சிவப்புத் தையல் போட்டதா என்று பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். வேறு யாரோ சாதாரண மெழுகுத்துணியில் இதே மாதிரி செய்து விற்றுப் பார்த்தார்கள். அது இரண்டு மழைக்குமேல் தாங்கவில்லை. அடுத்த வருஷம் அவள் பால் வெட்டுவதை விட்டாள். புகைக் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு சின்ன இடத்தில் நாலு பெண்கள் தைத்தார்கள், ராமாத்தாள் முக்கினாள். முக்குகிற வேலையை மட்டும் அவள் யாரிடமும் விடவில்லை.

அதற்கடுத்த தைமாதம், அகதாவின் தங்கை கல்யாணத்துக்கு மெர்லிமாவுக்குப் போனார்கள். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி, சோதனைக்காக எல்லாரையும் இறக்கினார்கள். நல்ல மழை. ரோட்டோரம் வரிசையாக நின்றவர்களில் முக்கால்வாசிப் பேரை ராமாத்தாளுக்குத் தெரியாது. தமிழர்கள், இரண்டு சீனக் கிழவர்கள், கூடை வைத்திருந்த ஒரு மலாய் அம்மா. மாத்தா கார்டு கேட்டுக்கொண்டே வந்தபோது ஒவ்வொருவராகக் கழுத்துக்குள் கையை விட்டார்கள். தேன் நிறத்தில் ஒரு பை வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. வரிசையில் ஆறு பேரிடம் இருந்தது. அந்த ஆறு பேருடைய கார்டும் காய்ந்திருந்தது. மாத்தா அவர்களை மழையில் நிற்கவைத்து எதையும் கேட்காமல் சட்சட்டென்று பார்த்து அனுப்பினான். சாமிக்கண்ணு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் திரும்ப ஏறியதும், முன்சீட்டில் உட்கார்ந்த பெண் பையைச் சட்டைக்குள் போடப் போனாள். ராமாத்தாள் எட்டி அதன் நாடாவைப் பிடித்துப் பார்த்தாள்.

"நாடா நைஞ்சுபோச்சும்மா. புலாவ் செபாங் பக்கம் வந்தா ரயில் ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல வா. மாத்தித் தர்றேன், காசு வேணாம்."

அந்தப் பெண் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நீங்கள் யார் என்று கேட்டாள்.

"இதச் செஞ்சவ" என்றாள் ராமாத்தாள். சொல்லிவிட்டு, நனைந்த தலையை முந்தானையால் துவட்ட ஆரம்பித்தாள்.