ஒரு நாள் லென்ஸ்

"அசையாம மேல பாருங்க" என்று கண் டாக்டர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களை அசையாமல் இருக்கச் சொல்லிப் பிழைப்பவள் நான். நர்ஸுக்கு நோயாளி நாற்காலியில் உட்காரத் தெரியாது. டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். வலது கண் முடிந்து, இடது கண்ணிலும் லென்ஸை வைத்துவிட்டு, தன் ஸ்டூலைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான்கைந்து முறை இமைத்தேன். வழிந்த தண்ணீரைத் துடைத்தேன். எதிர்ச் சுவரில் எழுத்து அட்டையின் கடைசி வரி தெரிந்தது. அதற்கும் கீழே, அட்டையை அச்சடித்தவர்களின் விலாசமும் தெரிந்தது. மூக்கின்மேல் ஒன்றுமே இல்லை.

"லேசர் பண்ணா இப்படித்தான் தெரியும்" என்றார் டாக்டர். "உங்க கருவிழி நல்ல கனமா இருக்கு, பவர் பத்து வருஷமா மைனஸ் ஏழுலயே நிக்குது. பண்றதுல பிரச்சனையே இல்ல. ஆனா உங்களுக்கு நாப்பத்திமூணு வயசு. இந்த வயசுல தூரத்துக்குச் சரி பண்ணா, கிட்டத்துல பாக்கறதுக்குக் கண்ணாடி வேணும். இப்ப கண்ணாடிய கழட்டினா மூக்குக்கிட்ட இருக்கறது பளிச்சுன்னு தெரியுதுல்ல, அது போயிரும். போனா திரும்ப வராது. அதான் எடுத்தவுடனே தேதி குடுக்காம இத மாட்டி அனுப்பறேன். இன்னிக்கு முழுக்க இதோட வேலை பாருங்க. தூங்கறதுக்கு முன்னாடி கழட்டி குப்பைல போட்டுருங்க. ஒரு நாள் லென்ஸ்தான் இது. காலைல போன் பண்ணி வேணும், வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கேட்டுக்கொண்டேனா என்றால் இல்லை. என் கவனம் முழுக்க ஜன்னலுக்கு வெளியே இருந்தது. எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கிளிப் பற்றவில்லை போல, இரண்டு சட்டைக்கு ஒரு கிளிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வேண்டும் என்பதுதான் என் பதில். அதைச் சொல்லத்தான் கிளினிக்குக்கே போயிருந்தேன். இரண்டாம் வகுப்பில் போட்ட கண்ணாடி. அன்றைக்கே சோடாபுட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். பள்ளி மாறினேன், ஊர் மாறினேன், வேலையில் சேர்ந்தேன். அந்தப் பேர் மட்டும் யாரும் சொல்லித் தராமலே எல்லா இடத்திலும் எனக்கு முன்னால் போய்க் காத்திருந்தது. முகக்கவசம் போட்டால் கண்ணாடியில் ஆவி படியும். குனிந்தால் நழுவும். மூக்கின் இரு பக்கமும் நிரந்தரமாக இரண்டு பள்ளம். காலையில் எழுந்ததும் முதல் வேலை மேசையைத் தடவுவது. இரண்டு முறை கண்ணாடிமேல் நானே உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தாறு வருடம் போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் இருந்தால்தான் ஆசைப்பட வேண்டுமா என்ன?

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். தடித்த கண்ணாடி எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காட்டும் என்று படித்திருக்கிறேன். எவ்வளவு சின்னதாக என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மரம், லாரி, மனிதர்கள், எல்லாம் ஒரு சுற்றுப் பெருத்திருந்தன. தலையைத் திருப்பாமலே பக்கவாட்டில் போகிற சைக்கிள் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தூரத்தில் வந்த பஸ்ஸின் எண் தெரிந்தது, ஓட்டுகிறவரின் முகமும் தெரிந்தது. என் வீட்டுக்காரர். அந்தத் தடத்தில் ஒன்பது வருடமாக ஓட்டுகிறார். நான் ஏறி, அவருக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள தள்ளி நில்லுங்கம்மா, வழிய மறைக்காதீங்க."

"நிக்கிறேன் சார்."

குரலைக் கேட்டுத் திரும்பியவர் ஒரு கணம் திகைத்துப்போனார். "அடிப்பாவி, நீயா! கண்ணாடி எங்க? மறுபடியும் மேல உக்காந்துட்டியா?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். லென்ஸ் என்று சொன்னேன். அடுத்த சிக்னலில் இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். "எனக்கு மாத்திரை அட்டைல இருக்கறத யாரு படிச்சு சொல்வா?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை அப்படி. தூரத்தில் இருப்பதெல்லாம் அவர் பொறுப்பு, கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பதெல்லாம் என் பொறுப்பு. நாற்பத்தைந்து தாண்டியதிலிருந்து அவர் பேப்பரைக் கை நீளத்துக்கும் அப்பால் பிடித்துத்தான் படிக்கிறார், கை போதவில்லை என்றால் என்னைக் கூப்பிடுகிறார். "ரெண்டு பேரும் சேந்து கண்ணாடி வாங்குவோம்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது குறைமாதக் குழந்தைகள் வார்டில். பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை விடக் கொஞ்சமே பெரிதான ஓர் ஆள். அங்கே எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். மருந்து ஏற்ற நரம்பு தேடுகிறவர் இரண்டு முறைதான் குத்தலாம். இரண்டும் தப்பினால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கைக்கு வழிவிட வேண்டும். "நான் பாத்துடறேன், இன்னும் ஒரே ஒரு தடவ" என்ற பேச்சே கிடையாது. எவ்வளவு பெரிய டாக்டரானாலும் இரண்டுதான். நரம்பு கிடைக்காத வெறியில் குழந்தையைச் சல்லடையாக்கிவிடக் கூடாது என்பதற்காக எப்போதோ யாரோ ஆரம்பித்தது.

அந்த வரிசையில் கடைசிக் கை என்னுடையது. மற்றவர்கள் தவறவிட்ட பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். நான் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் குனிவேன். வெறும் கண்ணுக்கு ஒரு சாண் தாண்டினால் எனக்கு உலகமே புகைதான். ஆனால் அந்த ஒரு சாணுக்குள் மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். தோலுக்கு அடியில் ஓடும் நூல், அது எங்கே வளைகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எல்லாம். நரம்பைக் காட்டுகிற விளக்கு ஒன்றும் வார்டில் இருக்கிறது. கொழுகொழுவென்று இருக்கிற குழந்தைகளுக்கு அது உபயோகம். ரொம்பச் சின்னதுகளுக்கு வந்தால் விளக்கை அணைத்துவிட்டு என்னைத்தான் தேடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் நுழைந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து ஒரு பாட்டம் கேலி செய்தார்கள். நான்கு மணிக்கு ஏழாம் பெட்டிக் குழந்தையின் நரம்பு ஊசி அடைத்துக்கொண்டது. பிறந்து ஒன்பது நாள், ஒரு கிலோ நூறு கிராம். ரத்தத்தில் கிருமி. ஐந்து மணி மருந்து உள்ளே போயே ஆக வேண்டும். என்னோடு சேர்ந்து படித்து, என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்த நெட்டை முதலில் பார்த்தாள். அவளுக்கு இரண்டும் தப்பியது. "சோடாபுட்டி, வாடி" என்று தள்ளி நின்றாள். குழந்தையின் அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளை உட்காரச் சொன்னேன்.

கையைக் கழுவி, உறை மாட்டி, குனிந்தேன். குனியும்போது என் வலது மணிக்கட்டு தானாக மேலே போய் நெற்றியில் இடித்தது. தள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நெட்டை சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு வழக்கமான தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனேன். குழந்தையின் கை இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கலங்கல்தான் இருந்தது. விரல் எது, மணிக்கட்டு எது என்றுகூடப் பிரியவில்லை. தலையைப் பின்னுக்கு இழுத்தேன். கை தெரிந்தது, ஐந்து விரலும் தெரிந்தன. நரம்பு தெரியவில்லை. இருபத்திரண்டு வருட நினைப்பில், இங்கேதான் இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் குத்தினேன். ரத்தம் வரவில்லை. குழந்தை முகத்தைச் சுருக்கியது. அழுகைக்கான எல்லாம் முகத்தில் இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அதற்கு அவ்வளவு தெம்பு இல்லை. நாக்கில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துவிட்டு மறு கையைப் பார்த்தேன். அதுவும் தப்பியது.

ஊசியைத் தட்டில் வைத்தேன். எனக்குப் பிறகு யாரும் இல்லை. வேறு வழியே இல்லாதபோது நாங்கள் கூப்பிடுகிற மயக்க மருந்து டாக்டரும் கீழே ஆபரேஷனில் இருந்தார், வர ஆறரை ஆகும் என்றார்கள். கடிகாரத்தில் நாலு நாற்பது. சுவரின் அந்தக் கோடியில் இருந்த கடிகாரம், நொடி முள் உட்பட அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"ஏன் சிஸ்டர், கிடைக்கலயா?" என்றாள் அம்மா.

"கிடைக்கும், இரும்மா" என்று சொல்லிவிட்டுக் கைகழுவும் தொட்டிக்குப் போனேன். உறையைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. தடவித்தான் வலது கண் லென்ஸைக் கிள்ளி எடுத்தேன். சோப்புப் பட்டு எரிந்தது. லென்ஸைக் குப்பைக் கூடையில் போட்டேன். மறுபடி கழுவி, புது உறை மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

நெட்டை பெட்டிக்குக் குறுக்கே நின்றாள். அவள் என் சிநேகிதிதான், ஆனாலும் நின்றாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் நின்றிருப்பேன்.

"ரெண்டு ஆச்சுடி."

"அது லென்ஸ் போட்டவ. இப்ப வந்திருக்கறது வேற ஆளு."

ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒதுங்கி, டார்ச்சை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கைக்கு அடியில் பிடித்தாள். நான் இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். ஒரு சாண். உலகம் போய்விட்டது, கை மட்டும் வந்தது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து கீரைத் தண்டின் நார் அளவுக்கு ஒரு நீலம் கிளம்பி, சற்று வளைந்து, மணிக்கட்டுப் பக்கம் போயிற்று. இவ்வளவு நேரம் எங்கேடா போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. ஊசியின் பின்பக்கத்தில் ரத்தம் ஏறியது. டேப்பைப் பட்டை பட்டையாக வெட்டித் தட்டின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தாள் நெட்டை. ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மருந்து ஏற ஆரம்பித்தது.

டீ குடிக்கும்போது நெட்டை என் தோளைத் தொட்டாள். "பாவம்டி. எவ்ளோ ஆசையா இருந்த. இந்தப் புள்ளைங்களுக்காக விட்டுக்குடுக்கற பாரு."

"யாரு விட்டுக்குடுத்தா?" என்றேன். எனக்கு நிஜமாகவே சுருக்கென்றது. "புள்ளைங்களுக்காக ஒண்ணும் இல்ல. நான் இல்லன்னா நீங்க எல்லாம் ஒரு வழி கண்டுபிடிப்பீங்க."

"அதான் சொல்றேன். பல் டாக்டருங்க மாட்டிக்கறாங்களே, பூதக்கண்ணாடி, அது மாதிரி ஒண்ணு மாட்டிக்கோ. பழகிடும்."

"பழகிடும். பழகறதுக்கு எனக்கு இஷ்டமில்ல. உலகத்துல இந்த ஒரு வேலைலதான் நான் எல்லாரையும்விட கெட்டிக்காரி. நான் குனியறப்ப நீங்க எல்லாரும் பேச்ச நிறுத்திட்டு ஒதுங்கி நிப்பீங்கல்ல, எனக்கு அது பிடிச்சிருக்கு."

"திமிருடி உனக்கு."

"ஆமா."

அவள் சிரித்துக்கொண்டே என் டம்ளரையும் சேர்த்துக் கழுவப் போனாள். முடிவு அங்கேயே ஆகிவிட்டது. தியாகி என்று யாரும் என்னைச் சொல்ல விடக் கூடாது என்பது மட்டும்தான் என் கவலை. ஏனென்றால் கொஞ்சம் விட்டால் நானே அதை நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு கண்ணில் லென்ஸோடு, ஒரு கண்ணில் புகையோடு வீடு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே வந்து சோறு வைத்திருந்தார். "என்ன முடிவு பண்ண?" என்றார்.

"வேணாம். காலைல போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்பாடா, மாத்திரை அட்டை" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனார். மிச்சமிருந்த லென்ஸையும் எடுத்துப் போட்டுவிட்டு உட்காரலாம் என்று குளியலறைக்குப் போய் விளக்கைப் போட்டேன்.

தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியில் ஒரு பெண் நின்றாள். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அவளும் மூடிக்கொண்டாள். எனக்கு என் முகம் தெரியாது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கண்ணாடி போட்டால் கண்ணாடி போட்டவளைப் பார்த்திருக்கிறேன். கழற்றினால், முகத்தை நிலைக்கண்ணாடியில் ஒட்டி, ஒரு கண், ஒரு மூக்கு நுனி என்று துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறேன். கல்யாண ஆல்பத்தில் கழற்றிவிட்டு நிற்பவள், பஸ்ஸில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற யாரோ ஒருத்தி. இவள் அப்படி இல்லை. இவள் ஒன்றையும் தேடவில்லை. நெற்றி அகலமாக இருந்தது. புருவம் ஒன்று உயரம், ஒன்று சற்றுத் தாழ்வு. கண் நான் நினைத்ததைவிட எவ்வளவோ பெரிதாக இருந்தது. கீழ் இமைக்கு அடியில் ஒரு மச்சம். நாற்பத்திமூன்று வருடம் கூடவே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வருத்தம் என்று சொல்ல முடியாது, அழகாகத்தான் இருந்தாள்.

முடிவில் மாற்றம் இல்லை. விரலைக் கழுவித் துடைத்துக்கொண்டு, லென்ஸை எடுக்கக் கையை உயர்த்தினேன்.

"ஆறுது, வா" என்றார் வெளியிலிருந்து.

"நீங்க சாப்பிடுங்க" என்றேன். "எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."

அவள் கையும் அந்தப் பக்கம் கன்னத்துக்கு அருகில் அப்படியே நின்றது. நான் அவளை மேலிருந்து, நெற்றியிலிருந்து, மெதுவாகப் பார்க்க ஆரம்பித்தேன்.