போகிற கம்பிக்கும் தடை உண்டு

போன தடவை நான் ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன். கரும்பலகையில்தான். வயர்மேன் பரீட்சையில், கேள்வி கேட்கிற அதிகாரி சாப் ஒரு மோட்டாரை வரைந்து, இதன் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால் ஃப்யூஸ் போகுமா என்று கேட்டார். போகும் என்றேன். போகாதாம். தொட்டவன் செத்தானாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கசிகிற கரண்ட் லைன் கம்பியில் வந்து, மோட்டார் உடம்பில் இறங்கி, எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் புகுந்து, டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பிவிடும். அந்தச் சுற்றில் உள்ள தடையை எல்லாம் ஓம் கணக்கில் கூட்டி, வோல்டை அதால் வகுக்க வேண்டும். ஃப்யூஸ் அளவுக்கு மூன்று மடங்கு வந்தால்தான் அது எரியும். நான் லைன் கம்பியைக் கூட்டாமல் விட்டேன். தொட்ட போதெல்லாம் என்னைத் தூக்கி எறிந்த கம்பி அது. அதற்கும் தடை உண்டென்று எப்படித் தோன்றும்?

தாராவியில் கணேசபாண்டியன் அண்ணாச்சிக்கு நான் ஹெல்பர். வேலை என்னுடையது, லைசென்ஸ் அவருடையது. "வே தனசீலா, நாப்பது வயசுல அ ஆ படிச்ச ஆளு. உமக்கு எதுக்குவே ஓமு?" என்று டீக்கடையில் வைத்தே சிரித்தார். இந்தத் தடவையும் தவறினால் இடுப்பு ஒடிகிறவரை ஹெல்பர்தான்.

பரீட்சைக்கு முந்தின நாள் தரையில் சுற்றை வரைந்து என் வீட்டுக்காரி லூசியம்மாளுக்குக் காட்டினேன்.

"தாதருக்குப் போயிட்டு வரணும். வாறதுக்கு மட்டுமா டிக்கெட் எடுப்பீய?"

"இல்லட்டி."

"பொறவு? போற கம்பி மட்டும் ஓசியிலயா போவுது?"

பரீட்சையில் சாப் அதே மோட்டாரை வரைந்தார். இருநூற்று முப்பது வோல்ட், பதினைந்து ஆம்பியர் ஃப்யூஸ். தடை, லைன் கம்பிக்கு ஒரு ஓம், எர்த் கம்பிக்கு ஒன்று, மோட்டார் பக்கத்து மண் மூன்று, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து மண் ஒன்று. ஆறு ஓம். வகுத்தால் முப்பத்தெட்டு ஆம்பியர். வேண்டியது நாற்பத்தைந்து.

"நஹி உடேகா, சாப்." ஃப்யூஸ் போகாது.

அப்படியானால் என்ன செய்வாய் என்றார்.

தள்ளி இன்னொரு எர்த் பிளேட் புதைத்து இரண்டையும் சேர்ப்பேன், மோட்டார் பக்கத்து மண்ணின் தடை பாதியாகும், கரண்ட் ஐம்பதைத் தாண்டும், அளந்து பார்க்காமல் யாரையும் சுவிட்சில் கைவைக்க விடமாட்டேன் என்றேன். என் இந்தியைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாஸ் போட்டார்.

மறுநாள் காலை அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தேறிட்டேராமே."

"ஆமா அண்ணாச்சி."

மூங்கில் ஏணி சுவரோரம் கிடந்தது. எப்போதும் அதை நான் தனியாகச் சுமப்பேன். அவர் கைவீசி முன்னால் போவார். இன்று நான் ஒரு முனையை மட்டும் தோளில் ஏற்றி நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு, பின்னால் ஒரு செருமல் கேட்டது. ஏணியின் மறுமுனை மெல்ல மேலே எழுந்தது.

"நடவே, என்ன நிக்கீரு?"

சந்துக்குள் ஏணி எங்கள் இரண்டு தோளிலும் சமமாக ஆடிக்கொண்டு போனது.